ஆவணம் இல்லாத வெளிநாட்டவருக்கு தில்லி அரசு ஆஸ்பத்திரியில் என்ன கிடைக்கும்? கையேட்டு வரைவு, திருத்தம் தேவை

முகாம்பை · இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். மதன்பூர் காதர், காளிந்தி குஞ்ச், ஷ்ரம் விஹார் பக்கம் குப்பை பிரிக்கிற குடியிருப்புகளில் மருத்துவ முகாம் நடத்தும் தன்னார்வலர்களுக்காக ஒரே தாளில் ஒரு கையேடு தயாராகிறது. அங்கே மூன்று வகையினர் கலந்திருக்கிறார்கள். ஐ.நா. அகதிகள் ஆணைய அட்டை வைத்திருக்கும் ரோஹிங்யாக்கள், எந்தத் தாளும் இல்லாத வெளிநாட்டவர், பக்கத்துக் குடிசையிலேயே மேற்கு வங்க எல்லை மாவட்டங்களான மால்டா, கூச் பிஹாரிலிருந்து வந்த இந்தியர். வரைவு இது:

1. உயிர் ஆபத்து என்றால் எந்த ஆஸ்பத்திரியும் மறுக்கக்கூடாது.
2. ஓ.பி.டி. பர்ச்சிக்கு (வெளிநோயாளிச் சீட்டு) ஆதார் கட்டாயம்.
3. குழந்தைத் தடுப்பூசிக்குப் பெற்றோர் அடையாள அட்டை தேவை.
4. ஆதார் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் அட்டையைக் கொண்டுபோகலாம் (நடைமுறையில் பலர் செய்வதுதான்).
5. காசநோய் மருந்து இலவசம், ஆனால் வங்கிக் கணக்கு வேண்டும்.
6. ஆஸ்பத்திரி போலீஸுக்குச் சொல்லாது, பயப்பட வேண்டாம்.

எது தப்போ வெட்டுங்கள். இந்தியில் மொழிபெயர்த்து அச்சுக்குப் போகும்.

வார்டுவிளக்கு · இரவு 9:05

தம்பி, நாலாவதை முதல்ல வெட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

இரவல் கார்டுல ஒரு கர்ப்பிணி அட்மிட் ஆனா என்ன ஆகும்னு வரிசையா சொல்றேன். கம்ப்யூட்டர்ல கார்டுக்காரியோட பழைய பதிவு திறக்கும். அதுல ரத்த வகை ஓ பாசிட்டிவ்னு இருக்கும். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு, ரத்தம் வேணும்னு சாம்பிள் அனுப்புவோம். ரத்த வங்கி எப்பவும் புதுசா வகை பார்த்து, நோயாளி ரத்தத்தோட பொருந்துதான்னு கிராஸ்மேட்ச் பண்ணித்தான் தரும், அதனால தப்பு ரத்தம் ஏறுறது அபூர்வம். ஆனா பழைய பதிவும் புது சாம்பிளும் பொருந்தலேன்னா அங்கேயே நிறுத்திடுவாங்க. சாம்பிள் மாறிப்போச்சான்னு சந்தேகம் வரும், மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுவாங்க. பிரசவ ரத்தப்போக்குல அந்த நேரம் நம்ம கையில இல்லை.

ஆர்.எச். நெகட்டிவ் தாயா இருந்தா இன்னும் மோசம். பழைய பதிவுல பாசிட்டிவ்னு பார்த்து விட்டுட்டா, பிறந்த குழந்தை பாசிட்டிவா இருக்கும்போது தாய் உடம்பு அந்த ரத்தத்துக்கு எதிர்ப்பு உண்டாக்காம தடுக்க 72 மணி நேரத்துக்குள்ள போட வேண்டிய ஆன்டி-டி ஊசி தவறிப்போகும். கெடுதல் இந்தக் குழந்தைக்கு இல்லை, அடுத்த குழந்தைக்கு. அதனாலதான் யாரும் கவனிக்கிறதில்லை.

குழந்தையோட பிறப்புப் பதிவுல தாய் பேர் பக்கத்து வீட்டுக்காரி பேரா ஏறிடும். அதைப் பின்னாடி திருத்தணும்னா, திருத்தக் கேட்கிறவங்க யாருன்னு நிரூபிக்கத் தாளே இருக்காது. நோயாளி இறந்துட்டா இறப்புச் சான்றிதழ் உயிரோட இருக்கிறவ பேர்ல வரும். அவளோட ரேஷனும் பேங்க் கணக்கும் நின்னுடும். கார்டு கொடுத்தவ உதவிதான் பண்ணா, மாட்டிக்கிறதும் அவதான்.

அதனால பேர் சொந்தப் பேரா இருக்கட்டும், கார்டு இல்லேன்னா "இல்லை"ன்னு சொல்லட்டும். நினைவில்லாம வர்றவங்களைக்கூட "அன்நோன்"னு நம்பர் போட்டுப் பதிவு பண்றோம். கார்டு இல்லாம பதிவு பண்ண முடியும்ங்கிறதுக்கு அதுவே போதும்.

சட்டப்பலகை · இரவு 9:31

அக்கா சொன்னது மருத்துவக் காரணம். சட்டக் காரணமும் உண்டு. அடுத்தவர் அட்டையில் சிகிச்சையோ சலுகையோ பெறுவது ஆள்மாறாட்டம் என்ற குற்றச்சாட்டுக்கு வழிவிடும். பாரதிய நியாய சன்ஹிதா 319-ஆம் பிரிவில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்கு 5 ஆண்டு வரை சிறை. ஆவணமின்றித் தங்கியிருப்பவர் ஏற்கெனவே 2025 குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் இருக்கிறார். செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் நுழைந்ததற்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன்மேல் இரண்டாவது வழக்கு எதற்கு? அட்டை கொடுத்த இந்தியரையும் உள்ளே இழுக்கும்.

ஆறாவது புள்ளியையும் எடுத்துவிடுங்கள். அது பொய் வாக்குறுதி. அந்தச் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உள்நோயாளியாகச் சேரும் வெளிநாட்டவர் பற்றிய தகவலை ஆஸ்பத்திரி பதிவு அதிகாரிக்குத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. முந்தைய 1946 வெளிநாட்டவர் சட்டம், 1939 பதிவுச் சட்டம், 1920 கடவுச்சீட்டுச் சட்டம் எல்லாம் இதில்தான் கரைந்துவிட்டன. ஆனால் கவனியுங்கள். இது தகவல் தரும் கடமை. சிகிச்சையை மறுக்கும் அதிகாரம் அல்ல. படுக்கையில் சேராமல் ஓ.பி.டி.யில் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த விதி பொருந்தாது.

எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு) வேறு சங்கதி. அடிதடி, விபத்து, தீக்காயம், விஷம் என்று வந்தால் இந்தியரானாலும் யாரானாலும் போலீஸுக்குத் தகவல் போகும். 18 வயதுக்குக் குறைந்த கர்ப்பிணி என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இதையெல்லாம் மறைத்து "பயப்படாதீர்கள்" என்று அச்சடித்தால், ஒருவர் மாட்டிய மறுநாளே உங்கள் முகாமுக்கு ஈ காக்கா வராது.

ரிங்ரோடு · இரவு 9:50

ஒரு கேள்வி, கோபப்படாதீங்க. நம்ம ஊர்க்காரனே சப்தர்ஜங்ல விடிகாலை நாலு மணிக்கு வரிசையில நிக்கிறான். சட்டவிரோதமா வந்தவங்களுக்கு வழிகாட்டிக் கையேடு போடுறது நியாயமா? அரசாங்கம் அனுப்பணும்னா அனுப்பட்டும், அதுவரைக்கும் செலவு யாரோடது?

நாடித்துடிப்பு · இரவு 10:12

ரிங்ரோடு சார், கேட்டது நியாயமான கேள்விதான். யாரை நாட்டில் வைத்துக்கொள்வது என்பது ஒன்று, இங்கே இருக்கும்வரை உடம்பு என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதலாவதை முடிவு செய்ய ஆஸ்பத்திரி கவுன்டருக்குத் தகுதியும் இல்லை, கருவியும் இல்லை. மால்டாக்காரரையும் எல்லை தாண்டி வந்தவரையும் பேச்சை வைத்துப் பிரிக்க எந்த மருத்துவராலும் முடியாது. பிரிக்கப் பார்த்தால் அடிபடுவது முதலில் இந்தியர்தான்.

செலவுக் கணக்கைப் பாருங்கள். தட்டம்மை பரவாமல் நிற்க ஒரு பகுதியில் 95 சதவீதம் குழந்தைகளுக்காவது இரண்டு டோஸ் போயிருக்க வேண்டும். ஒரு குடியிருப்பைத் தவிர்த்துவிட்டு அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில். அந்த நிலைக்கு வந்ததே வீட்டுக்கு வீடு போனவர்கள் கதவில் சுண்ணாம்புக் குறி போட்டார்களே ஒழிய, உள்ளே இருக்கிறவர் யார் என்று கேட்கவில்லை என்பதால்தான். காசநோயும் அப்படியே. சிகிச்சை பெறாத ஒருவரின் இருமல் அவர் குடிசையோடு நிற்காது. அவர் பிரிக்கும் குப்பை உங்கள் என் வீட்டுக் குப்பை. அவர் ஏறும் ஷேர் ஆட்டோவில்தான் நாமும் ஏறுகிறோம்.

அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு "குடிமகன்" என்று சொல்லவில்லை, "எந்த நபரும்" என்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக இருந்த சக்மா மக்கள் பற்றிய வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

இப்போது முகாம்பைக்கு. இரண்டாவது புள்ளி தவறு. ஓ.பி.டி.க்கு ஆதார் கட்டாயம் இல்லை. நேரடிக் கவுன்டரில் கேட்பது பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, மொபைல் எண். குழப்பம் வருவது ஆபா எண்ணால் (அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்). கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்து டோக்கன் எடுக்கும் வரிசை வேகமாக நகர்வதால், அது இல்லாவிட்டால் பர்ச்சியே கிடையாது என்று வாசல் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுகிறார். ஆபா விருப்பத்தின் பேரில் எடுப்பது. எனவே கையேட்டில் "ஸ்கேன் இல்லாத கவுன்டர் எது என்று கேளுங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். காலை 8 மணிக்கு முன்னால் போகச் சொல்லுங்கள்; பல இடங்களில் பர்ச்சி 11, 11:30-க்கு நிறுத்தப்படும்.

தில்லி வாக்காளர் அட்டை இல்லாதவர்களுக்கு சலுகையைக் குறைத்து ஜி.டி.பி. ஆஸ்பத்திரியில் கொண்டுவந்த ஏற்பாட்டை 2018 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கவுன்டரில் வாதாட அது உதவாது, மருத்துவக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதும்போது உதவும்.

மாத்திரைக்கணக்கு · இரவு 10:38

மொபைல் எண் பத்தி ஒண்ணு சேர்த்துக்கோங்க. அந்தக் குடியிருப்புல போன் இல்லாதவங்க தங்களை வேலைக்கு வெச்சிருக்கிற கபாடி டேக்கேதார் (பழைய சாமான் காண்ட்ராக்டர்) நம்பரைக் கொடுத்துடுவாங்க. ஆஸ்பத்திரி எஸ்.எம்.எஸ்., ரிப்போர்ட் லிங்க், காசநோய்ப் பிரிவு போன் எல்லாம் அவனுக்குத்தான் போகும். எச்.ஐ.வி. சோதனைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டா அதுவும் அவனுக்கு. மறுநாள் வேலை போச்சு, குடிசையும் போச்சு. சொந்த நம்பர் இல்லேன்னா ஆஷா தீதி (அந்தப் பகுதி சுகாதாரப் பணியாளர்) நம்பரோ முகாமுக்குன்னு ஒரு நம்பரோ, நோயாளியைக் கேட்டுட்டுக் கொடுங்க.

முகாம்பை · இரவு 10:44

இது எங்கள் யோசனைக்கே வரவில்லை. ஐந்தாவது புள்ளி, காசநோய், அதையும் சரிபார்த்துத் தாருங்கள்.

மாத்திரைக்கணக்கு · இரவு 11:20

நீளமா எழுதுறேன், இதுலதான் அதிகம் கெட்டுப்போகுது.

மருந்துக்கு வங்கிக் கணக்கும் வேண்டாம், ஆதாரும் வேண்டாம். கணக்கு தேவைப்படுறது, காசநோயாளி சத்துணவுக்காக அரசு தர்ற நிக்ஷய் போஷண் பணத்துக்கு மட்டும். 2018-ல மாசம் 500 ரூபாயா ஆரம்பிச்சது, 2024 நவம்பர்ல 1,000 ஆச்சு. அந்தப் பணத்துக்கு ஆதார் கேட்கிற அறிவிப்பு 2017 ஜூன்லயே வந்துடுச்சு. அதனால தாள் இல்லாதவங்களுக்கு பணம் வராது, மாத்திரை வரும். இந்த ரெண்டையும் குழப்பி "கணக்கு திறந்துட்டு வா"ன்னு திருப்பி அனுப்புறதுதான் நடக்குது. திரும்பிப் போனவங்க வர்றதில்லை.

முறை: ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில ரத்தம், இதுல எது இருந்தாலும் சளி ரெண்டு மாதிரி. ஒண்ணு அப்பவே, இன்னொண்ணு மறுநாள் காலையில பல் தேய்க்கிறதுக்கு முன்னால. ஒவ்வொண்ணும் 2 முதல் 5 மில்லி. எச்சில் இல்லை, நெஞ்சிலேர்ந்து வர்ற கெட்டிச் சளி. எச்சில் கொடுத்தா நெகட்டிவ்னு வரும், அதோட ஆள் போயிடுவார். வாயைக் கொப்புளிச்சுட்டு, மூச்சை மூணு தரம் இழுத்து விட்டு இருமச் சொல்லுங்க. திறந்த வெளியில, நீங்க காத்துக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு.

சளியை சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில பார்த்தா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமான்னும் தெரியும். செய்யும்னா ஆறு மாசம்: முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து கலந்த மாத்திரை, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து கலந்தது. தினமும். எடைதான் அளவு: 25-34 கிலோவுக்கு 2 மாத்திரை, 35-49-க்கு 3, 50-64-க்கு 4, 65-75-க்கு 5. குப்பை பிரிக்கிற பெண்கள் நிறைய பேர் 35-ஐ ஒட்டியே இருப்பாங்க. வைத்தியத்துல எடை கூடி அடுத்த படிக்குப் போனா மாத்திரையும் கூடணும். மாசா மாசம் எடை பார்க்காம அதே எண்ணிக்கையைக் கொடுத்துக்கிட்டே போனா மருந்து பத்தாது.

முன்கூட்டியே சொல்லியே ஆகணும்: மூத்திரம் ஆரஞ்சு நிறமாப் போகும், பயம் வேண்டாம். கண் மஞ்சளானா, வாந்தி நிக்கலேன்னா, பார்வை மங்குனா உடனே வரணும். பெண்களுக்கு இன்னொண்ணு. ரிஃபாம்பிசின் சாப்பிடுறப்போ கருத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாது. அதுக்குப் பதிலா காப்பர்-டியோ அந்தரா கருத்தடை ஊசியோ போட்டுக்கணும். இதை யாருமே சொல்றதில்லை, வைத்தியத்துக்கு நடுவுல கர்ப்பம்.

எங்கே அறுந்துபோகுதுன்னா, குடிசை இடிக்கிறப்போ. ஒரு மாசம் தொடர்ந்து மருந்து விட்டுப்போனா "தொடர்பு அறுந்தவர்"னு எழுதிடுவாங்க. திரும்பி வந்தா மறுபடி சோதனை, மறுபடி முதல்லேர்ந்து கணக்கு. அதுக்கு ஒரே தடுப்பு, காசநோய்ப் பதிவுல நோயாளிக்குத் தர்ற நிக்ஷய் ஐ.டி. எண். அது கையில இருந்தா நாட்டுல எந்த காசநோய்ப் பிரிவுக்குப் போனாலும் பழைய பதிவை மாத்தி எடுத்துக்குவாங்க. தாள் தொலையும், அதனால எண்ணை மருந்து டப்பாவுக்குள்ள மார்க்கர்ல எழுதுங்க, போன்ல போட்டோ எடுத்து வைங்க. இடம் மாறப்போறாங்கன்னு தெரிஞ்சா ரெண்டு வார மாத்திரையைக் கையில கொடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

பழையதில்லி · இரவு 11:41

இடிப்பு என்றதும் ஜங்புரா மதராஸி கேம்ப் ஞாபகம் வருகிறது. 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். 370 வீடுகளில் 189 பேருக்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அத்தனையும் தமிழ்க் குடும்பங்கள், கையில் வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை எல்லாம் இருந்தவர்கள். ஜங்புராவிலிருந்து நரேலா தில்லியின் அந்தக் கோடி. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்கிய டிஸ்பென்சரி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். அட்டை உள்ளவர்களுக்கே அந்த நிலை.

சட்டப்பலகை · இரவு 11:58

ரோஹிங்யா குடியிருப்புகள் பற்றி ஒரு குறிப்பு. சிகிச்சையோ பள்ளியோ மறுக்கப்பட்டால் புகார் கொடுக்க அந்தப் பகுதி எஸ்.டி.எம்.மை (உட்கோட்ட நடுவர்) நோடல், அதாவது பொறுப்பு அதிகாரியாக வைத்து உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. காளிந்தி குஞ்ச் முகாம் அந்த வழக்கில் வந்ததுதான். புகாரில் வேண்டியவை: தேதி, நேரம், எந்தக் கவுன்டர், என்ன சொல்லித் திருப்பினார்கள், நோயாளி நிலை. பக்கம் பக்கமாக முறையீடு வேண்டாம்.

ஐ.நா. அட்டை தங்கும் உரிமை தராது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆனால் பெயர், வயது, குடும்ப உறுப்பினர் விவரம் அச்சில் இருப்பதால் பர்ச்சியில் பெயர் ஒரே மாதிரி ஏற உதவும். அதற்காகவே கொண்டுபோகலாம்.

அவசர சிகிச்சைக்கு 1989 பரமானந்த் கட்டாரா தீர்ப்பு: முதலில் உயிர், பிறகு போலீஸ் நடைமுறை. அரசு, தனியார் இரண்டுக்கும். சாலை விபத்து என்றால் 2025 மே மாதம் அறிவித்த பணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் உண்டு. மோட்டார் வாகன விபத்தில் சிக்கிய எவருக்கும் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை.

குறிஞ்சி_மயூர்விஹார் · காலை 7:15

இடையில் ஒரு சந்தேகம். இலங்கைத் தமிழர்களும் இந்தப் புதுச் சட்டத்தில் இதே வகையா?

சட்டப்பலகை · காலை 7:40

இல்லை அம்மா. 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு அந்தத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கும் ஆணை சட்டத்தோடு சேர்ந்தே வந்தது. "பதிவு செய்துகொண்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். பதிவு விட்டுப்போனவர் அதில் வரமாட்டார். குடியுரிமை வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

வார்டுவிளக்கு · காலை 8:20

நைட் டூட்டி முடிஞ்சுது. பிரசவம், பிறப்புப் பதிவு ரெண்டையும் எழுதிடுறேன்.

அரசு ஆஸ்பத்திரிப் பிரசவம், தாய்-சேய்க்கான ஜே.எஸ்.எஸ்.கே. திட்டத்துல இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கேட்கிற திட்டம் இல்லை அது. சுகப்பிரசவம்னா 3 நாள், சிசேரியன்னா 7 நாள் சாப்பாடு, மருந்து, ரத்தம், ஸ்கேன் எல்லாம் அதுல அடங்கும். தாய்க்கு உதவித்தொகையா வர்ற ஜனனி சுரக்ஷா பணம், மாத்ரு வந்தனா பணம் ரெண்டும் கணக்கு, ஆதார் கேட்கும், அது வராது. பணம் வராதுன்னு சொல்லிட்டா "அப்போ ஆஸ்பத்திரியே நமக்கில்லை"ன்னு வீட்டுல பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகிட்ட போயிடுவாங்க. அதனால ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுங்க.

பிரச்சினை "அன்புக்டு" கேஸ். ஒரு தடவைகூட காட்டாம வலியோட வந்து நிக்கிறது. ரத்த வகை தெரியாது, எச்.பி. (ஹீமோகுளோபின்) தெரியாது, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி எதுவும் தெரியாது. டாக்டரும் எரிஞ்சு விழுவார், அதுல தப்பும் சொல்ல முடியாது. ஒரே ஒரு தடவை டிஸ்பென்சரிக்குப் போய் தாய்-சேய் அட்டை வாங்கிட்டாலே பாதி கஷ்டம் தீரும். மாசத்துல 9-ஆம் தேதி போனா டாக்டரே பார்ப்பார். டெட்டனஸுக்கான டி.டி. ஊசி ரெண்டு, நாலு வார இடைவெளியில. இரும்பு மாத்திரை 180. டீயோட சாப்பிடக்கூடாது, சத்து ஏறாது.

ஆம்புலன்ஸ் 102. கார்டு கேட்க மாட்டாங்க, இடம் கேட்பாங்க. ஜுக்கிக்கு (குடிசைக்கு) நம்பர் கிடையாது, அங்கேதான் அரை மணி நேரம் போகுது. பக்கத்து மெட்ரோ தூண் நம்பரைச் சொல்லச் சொல்லுங்க. அதை முன்னாடியே பார்த்து அட்டை மேல எழுதி வைங்க.

ரத்தம் வேணும்னா "ஆள் கொண்டு வா"ன்னு வார்டுல கேட்கிறது பழக்கம். புருஷனும் அண்ணனும் பயந்து ஓடிடுவாங்க, அல்லது எச்.பி. 12.5 இல்லை, எடை 45 கிலோ இல்லைன்னு திருப்பிடுவாங்க. முகாமுக்கு வர்ற காலேஜ் பசங்ககிட்ட ரத்த வகையோட ஒரு லிஸ்ட் வெச்சுக்கோங்க. கையேட்டுல நூறு வரி எழுதுறதை விட அது உதவும்.

பிறப்புப் பதிவு: ஆஸ்பத்திரிப் பிரசவத்தை ஆஸ்பத்திரிதான் பதிவாளருக்கு அனுப்பும், 21 நாளுக்குள்ள. 2023 திருத்தச் சட்டத்துல பெற்றோர் ஆதார் கேட்கிற இடத்துல "இருந்தால்"ங்கிற சொல் இருக்கு. இல்லாட்டி கட்டம் காலியா போகும். ஆனா 2024 டிசம்பருக்கு அப்புறம் தில்லி மாநகராட்சி இந்த விஷயத்துல கெடுபிடி பண்ணுது, சான்றிதழ் கைக்கு வர இழுக்கும். அதனால டிஸ்சார்ஜ் தாளை விடவே விடாதீங்க. தாய் பேர், தேதி, நேரம், எடை, ஆண் பெண் அதுல சரியா இருக்கான்னு வார்டை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி பார்க்கணும். வீட்டுப் பிரசவம்னா இந்தத் தாளே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரவைக்க இது ஒரு நல்ல காரணம்.

சட்டப்பலகை · காலை 8:52

ஒரு தெளிவு: பிறப்புச் சான்றிதழ் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று, குடியுரிமைக்கு அல்ல. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவர் குடிமகனாக, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். "குழந்தைக்குச் சான்றிதழ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிப் பணம் கறக்கும் தரகர்கள் உண்டு. கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பழையதில்லி · காலை 9:30

மொழி விஷயம். ரோஹிங்யா மொழி சிட்டகாங் பக்கத்து வழக்குக்கு நெருக்கம். கல்கத்தா வங்காளம் பேசும் நர்ஸுக்குப் பாதி புரியும், பாதி தப்பாகப் புரியும். அந்தத் தப்புப் பாதிதான் ஆபத்து. விகாஸ்புரி பக்கம் உள்ள, மியான்மரிலிருந்து வந்த சின் மக்களுக்கு இந்தி பல நேரம் சுத்தமாக உதவாது. போகல், லாஜ்பத் நகர் ஆப்கானியர்களுக்கு உருதுவும் இந்தியும் ஓரளவு ஓடும்.

பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் மாதவிலக்கையும் அடிபட்ட காரணத்தையும் பிள்ளை வழியாகக் கேட்க முடியாது, கேட்டாலும் உண்மை வராது. கணவரை வைத்துக் கேட்டாலும் அதே கதைதான். பெண்ணுக்குப் பெண்.

பெயர் எழுதுவதில் கவனம். பர்மியப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. விண்ணப்பத்தில் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று ஒரு கிளார்க் பேகம் என்றும் இன்னொருவர் காத்தூன் என்றும் சேர்ப்பார். மூன்று பர்ச்சியில் மூன்று பெண்கள் ஆகிவிடுவார். ஒரு எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதுங்கள்" என்று நீட்டச் சொல்லுங்கள். பிறந்த தேதி தெரியாவிட்டால் வயதை மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே வயதை.

ரிங்ரோடு · காலை 10:05

சரி, தடுப்பூசி, காசநோய் வாதம் புரியுது, ஒத்துக்கிறேன். டயாலிசிஸ், கேன்சருக்கு என்ன பண்ணுவீங்க? அதுவும் இலவசமா?

நாடித்துடிப்பு · காலை 10:40

இல்லை. அங்கே கதவு நிஜமாகவே மூடியிருக்கிறது, கையேடும் அதை மறைக்கக்கூடாது.

ஆயுஷ்மான் அட்டைக்கு ஆதார் வேண்டும். தில்லி ஆரோக்கிய கோஷ் உதவிக்கு தில்லியில் 3 ஆண்டு குடியிருந்த சான்று வேண்டும். டயாலிசிஸ் வாரம் இரண்டு மூன்று முறை, காலம் முழுக்க. அவசர சிகிச்சைத் தீர்ப்பைக் காட்டி ஒரு முறை செய்துகொள்ளலாம், அடுத்த வாரம்? சிறுநீரகம் செயலிழந்து மூச்சுத்திணறலோடு வருவார், ஒரு டயாலிசிஸ் ஆகும், போவார், பத்து நாளில் மறுபடி அதே நிலையில் வருவார். ஒவ்வொரு முறையும் அவசரப் படுக்கை. திட்டமிட்ட சிகிச்சையை விட இது விலை அதிகம், பலன் குறைவு. கணக்குப் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம்.

எனவே முகாமில் காசு செலவழிக்க வேண்டிய இடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். 30 வயதுக்கு மேல் எல்லோருக்கும் இரண்டையும் பாருங்கள். மாத்திரை டிஸ்பென்சரியிலும், மொஹல்லா கிளினிக் இருந்த இடங்களில் வரும் ஆரோக்கிய மந்திர்களிலும் கிடைக்கும். சிறுநீரகம் கெட்ட பிறகு நம்மால் கொடுக்க எதுவும் இல்லை.

குப்பை பிரிப்பவர்களுக்கே உரிய இரண்டு. நாய்க்கடி: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தோலுக்குள் போடும் ரேபீஸ் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். இது கையிருப்பு இல்லை என்று பல இடத்தில் சொல்வார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். மூன்றாவது ஊசியோடு நின்றுவிடுவதுதான் பொதுவான தவறு.

ஆஸ்பத்திரிக் கழிவு ஊசி குத்தினால்: பிதுக்கக்கூடாது, கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள். ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) மூடியிருந்தால் கேஷுவாலிட்டி. டி.டி. ஊசியும் அங்கேயே.

தடுப்பூசி, மூன்றாவது புள்ளி: பெற்றோர் அட்டை தேவையில்லை. டிஸ்பென்சரியில் பெரும்பாலும் புதன், வெள்ளி. விட்டுப்போனதை முதலிலிருந்து தொடங்க வேண்டாம், நின்ற இடத்திலிருந்து தொடரலாம். பி.சி.ஜி. ஒரு வயது வரை. பென்டா (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) தொடங்காமலே ஒரு வயது தாண்டிவிட்டால் டி.பி.டி., அது 7 வயது வரை. தட்டம்மை-ரூபெல்லா 5 வயது வரை போடலாம். அட்டை தொலைந்து எது போட்டது என்றே தெரியாவிட்டால் போடாததாகக் கொண்டு போடுவதே வழக்கம். இரண்டாம் முறை போட்டால் கெடுதல் இல்லை.

முகாம்பை · காலை 11:30

நான்கும் ஆறும் போயின. ஆறுக்குப் பதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஓ.பி.டி., தடுப்பூசி, காசநோய் மருந்துக்கு வருபவர் பற்றிப் பதிவு அதிகாரிக்குத் தகவல் தரும் விதி இல்லை. படுக்கையில் சேர்ந்தால் வெளிநாட்டவர் என்ற தகவல் பதிவு அதிகாரிக்குப் போகலாம். அடிதடி, விபத்து என்றால் எல்லோருக்கும்போல் போலீஸுக்குப் போகும். உயிர் ஆபத்தில் இதை யோசித்துத் தாமதிக்க வேண்டாம்." சரியா சார்?

சட்டப்பலகை · காலை 11:44

"போகலாம்" இல்லை, "போகும்". மற்றபடி சரி.

முகாம்பை · காலை 11:50

மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று. தாய்-சேய் அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் மழையில் நனைந்து போகின்றன. முகாமிலேயே லேமினேட் செய்து கொடுத்துவிடலாமா?

வார்டுவிளக்கு · மதியம் 12:10

ஐயோ வேண்டாம் தம்பி. லேமினேட் பண்ணிட்டா அடுத்த ஊசியை எதுல எழுதுறது? ஜிப் கவர் வாங்குங்க, சதர் பஜார்ல கட்டாக் கிடைக்கும். அட்டையை மடிக்காம உள்ள போகிற சைஸா பார்த்து வாங்குங்க. மடிப்புலதான் முதல்ல கிழியும், ஊசி போட்ட தேதியெல்லாம் அந்த மடிப்புலதான் இருக்கும்.